இலவசமாக வந்த இரண்டாவது புடவை

என் சின்னத் தங்கையின் புருஷன் செத்துக் கிடந்த அன்று, நான் செஞ்சியில் ஒரு ஜவுளி ஷோரூமின் பில் கவுண்டரில் நின்றுகொண்டு, என் கல்யாண நாள் எது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது கவுண்டரில் இருந்த பெண். பதில் சொன்னது நான்தான், சத்தியமாக நான்தான். இதை எழுதும் இந்த நேரத்திலும் என்னால் நம்ப முடியவில்லை. வாய் எப்படித் திறந்தது, தேதியை எப்படிச் சொன்னது என்று யோசித்தால் மண்டை காய்கிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு தங்கைகள். இரண்டு பேரையும் வல்லத்தில் ஒரே வீட்டில் கொடுத்திருந்தோம். பெரியவளை அண்ணனுக்கு, சின்னவளைத் தம்பிக்கு. ஒரே வாசல், ஒரே அடுப்பு, சண்டை வந்தால்கூட வெளியே தெரியாது என்று நைனா கணக்குப் போட்டார். அது தப்பவும் இல்லை. நைனாவும் அம்மாவும் போன பிறகு, அந்த இரண்டு பெண்களுக்கும் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். செஞ்சி கடைவீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன கோபம் வரவில்லை.

போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போன சின்ன மாப்பிள்ளை, நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வந்து ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. முந்தின நாள்தான் என் கடைக்கு வந்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்கிக்கொண்டு போனார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஸ்டார்ட்டர் டப்பாகூடப் பிரிக்காமல் வாசலில் இருந்தது. சின்னவள் அழக்கூட இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லாரையும் யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள்தான் அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பங்காளிகள் கூடிப் பேசி, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. சாவைச் சனிக்கிழமைக்கு இழுத்தால் அது துணைக்கு ஆள் தேடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பெரிய மாப்பிள்ளை என்னிடம் வந்தார். தம்பியைப் பறிகொடுத்த மனுஷன், குரலே எழும்பவில்லை.

"மச்சான், கோடி உன்னுதுதான். நீ கொண்டாந்து போடாம எடுக்க முடியாது. சீக்கிரம் போய்ட்டு வந்துடு."

புருஷன் செத்தால், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வர வேண்டும். அதுதான் கோடி. அதை அவள் மேல் போட்ட பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அந்தப் புடவையை வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒன்றுதான் எடுக்க வேண்டும். விரித்துப் பார்க்கக் கூடாது, விலை பேசக் கூடாது. கடைக்காரர் 'வாங்க' என்று சொல்ல மாட்டார், வாங்கியவரும் 'வரேன்' என்று சொல்ல மாட்டார். கடைவீதியில் பாய் கடையில் போய் 'கோடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒன்றை எடுத்து, பேப்பரில் சுற்றி, மேஜை ஓரத்தில் வைத்துவிடுவார். நாம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார், கடை அடைத்திருந்தது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. திண்டிவனம் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

கதவைத் திறந்ததும் குளிர் காற்றும் நாதஸ்வரமும் ஒன்றாக வந்து அடித்தன. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கையைக் கூப்பி, "வாங்க சார், வாங்க" என்று பன்னீரைத் தெளித்தாள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவன் மேல் பன்னீர். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. என் நெற்றியிலா எழுதி ஒட்டியிருந்தது.

முதல் அடுக்கில் சந்தன நிறத்தில் ஒரு நூல் புடவை இருந்தது. எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்த பெண், "விரிச்சிக் காட்டட்டுமா சார்? மேடத்துக்கு இதைவிட டார்க் கலர் நல்லாருக்கும்" என்று பின்னாலேயே வந்தாள். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு பில் போடும் இடத்துக்கு வந்தேன். அங்கே பார்த்தால் ஒரு கல்யாண கோஷ்டியே நிற்கிறது.

மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, நல்ல நாள், அவர்கள் வராமல் யார் வருவார்கள். எனக்கு முன்னால் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர். எனக்கு நேர் பின்னால் கல்யாணப் பெண். அரக்கு நிறப் பட்டுப் பெட்டியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. அந்த அம்மாள் என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"கலர் நல்லாருக்குதுங்களே. வீட்ல விசேஷங்களா?"

அந்தக் கல்யாணப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் முகூர்த்தப் புடவைக்கும் என் கையில் இருக்கும் கோடிக்கும் நடுவில் ஒரு முழம் தூரம்கூட இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரிடமும் உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. கோடி என்ற வார்த்தையை நான் வாய் திறந்து சொன்னால் அந்தப் பெண்ணின் காதில் விழும். விழுந்தால் அந்த அம்மாள் அந்தப் பட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். வேறு வரிசைக்கு மாறலாம் என்றால் இருந்ததே ஒரு வரிசை. போன் அடித்தது. பெரிய மாப்பிள்ளை.

"மச்சான், எங்க இருக்கற? மேளக்காரங்க வந்துட்டாங்க. குளிப்பாட்டி வச்சிட்டோம்."

"தோ வந்துட்டேன் மாப்ள" என்று சொல்லி வைத்தேன்.

என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நீலச் சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் வட்டமாகப் பெரிய பொட்டு. புடவையை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தாள்.

"மொபைல் நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னேன். ஓடிபி வரும் என்றாள், வந்தது. பேர், ஊர், பிறந்த நாள்.

"கல்யாண நாள் சார்? அன்னிக்கி உங்களுக்கு வாழ்த்து மெசேஜ் வரும்."

அதையும்தான் சொன்னேன். சீக்கிரம் விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. குலுக்கல் கூப்பனை நிரப்பச் சொன்னாள், முதல் பரிசு ஸ்கூட்டியாம். எங்கேயோ ஒரு கிறுக்கு கிறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

"சார், இந்த ரகத்துக்கு இன்னிக்கி ஆஃபர் இருக்குது. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ. இன்னொரு புடவை எடுத்துக்குங்க."

இரண்டு கோடி யாராவது எடுப்பார்களா. ஒரே வீட்டில் இரண்டு பெண்களைக் கொடுத்தவனிடம் வந்து, இன்னொன்று சும்மா தருகிறேன், அதையும் எடுத்துக்கொண்டு போ என்கிறாள்.

"வேணாம்மா. ஒண்ணு போதும்."

"ஃப்ரீதான் சார்."

"ஃப்ரீயா இருந்தாலும் வேணாம்."

அவள் கை நின்றது. மேலே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், திரும்பக் குனிந்துகொண்டாள். "ரெண்டாவது போடாம பில்லு முடியாது சார்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

விற்கிறவன் கஷ்டம் எனக்கும் தெரியும். ஃபேன் வாங்க வருகிறவரிடம், ரெகுலேட்டரும் புதுசா போட்டுடலாமா என்று நானும் கேட்கிறவன்தான். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். இங்கே வேண்டாம் என்ற சொல்லுக்கே இடமில்லை. அதற்குள் கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் ஒருவன் வந்துவிட்டான். சின்னப் பையன்தான், ஆனால் குரல் கடை முழுக்கக் கேட்கிறது.

"இன்னா சார் ப்ராப்ளம்? சும்மா குடுக்கறதை வேணாம்ன்றீங்க. வீட்ல மேடத்துக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணுன்னு குடுங்க சார். ரெண்டு பேரும் சந்தோஷப்படுவாங்க."

வரிசையில் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணும் சிரித்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு என்னால் முடிந்ததெல்லாம், "தம்பி, ஒண்ணு மட்டும் குடுத்து அனுப்பு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சியதுதான்.

"சரி சார், சரி சார். டென்ஷன் ஆவாதீங்க. நாங்க பாத்துக்கறோம்" என்று அவன் கவுண்டர் பெண்ணின் பக்கம் போய்க் குனிந்து ஏதோ செய்தான். விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். திரும்பவும் போன் அடித்தது, அதே மாப்பிள்ளை. அவருக்குப் பதில் சொல்லி நிமிர்ந்தபோது அந்தப் பெண் பையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் பிடித்தேன். அவள் விடவில்லை. என்னவோ சொல்ல வருகிறவள் போல உதடு அசைந்தது. சூப்பர்வைசர் பின்னாலிருந்து "ம்" என்றான்.

"நன்றி சார். மீண்டும் வாங்க" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கோடி வாங்கியவனைப் பார்த்து மீண்டும் வா என்கிறாள். அந்தப் பையைப் பார்த்தால் அதிலும் கொட்டை எழுத்தில் அதுவேதான் அச்சடித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் படம். எழுத்து உள்பக்கம் போகும்படி பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வல்லம் போகிற வரைக்கும் அந்த வார்த்தை காதில் அடித்துக்கொண்டே வந்தது.

தெருமுனையில் தட்டு வைத்து, மேளத்தோடு கோடியைக் கொண்டுபோவது வழக்கம். நேரமாகிவிட்டது, பையோடு உள்ளே வா என்றார்கள். பாடை தயாராக இருந்தது. மாப்பிள்ளையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அண்ணன் நின்றார். கால்மாட்டில் சின்னவளை உட்கார வைத்து, பெரியவள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி பையை என் கையிலிருந்து வாங்கித் தட்டின் மேல் கவிழ்த்தாள்.

இரண்டு புடவைகள் விழுந்தன.

நான் எடுத்த சந்தன நிறம் ஒன்று. அதன் மேல் பச்சையில் மாங்காய்க் கரை போட்ட இன்னொன்று. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தாடையில் கையை வைத்துக்கொண்டு நின்ற ஒரு கிழவிதான், "இன்னாடி இது, ரெண்டு இருக்குது" என்றாள்.

எல்லார் கண்களும் ஒரே திசையில் திரும்பின. தலைமாட்டில் நின்ற பெரிய மாப்பிள்ளையின் மேல். அந்த மனுஷன் பேயறைந்தது போல அந்தப் பச்சைப் புடவையைப் பார்த்தார். பெரியவள் புடவையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, யாருக்குண்ணா அது?"

சாகும் வரைக்கும் அந்தக் குரலை மறக்க மாட்டேன். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஏதாவது சந்தேகம் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள். கடையில் ஆஃபர், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பிணத்துக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது. என் மனைவி சட்டென்று பச்சைப் புடவையைப் பையோடு சேர்த்து முந்தானையில் சுருட்டி மறைத்தாள். சந்தனப் புடவையைச் சின்னவள் மேல் போட்டோம். அப்போதுதான் அவள் முதல் முதலாக வாய்விட்டு அழுதாள். எடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் சேவை உங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா, நட்சத்திரம் கொடுங்கள், அடுத்த முறை வரும்போது சலுகை காத்திருக்கிறது. அடுத்த முறை. போனைத் தூக்கி அங்கேயே எறிந்திருப்பேன், கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி பெரியவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நடந்ததை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆஃபர், பில் முடியாதது, கல்யாணப் பெண், கடைசியில் மீண்டும் வாங்க என்று சொன்னது வரைக்கும். சொன்னால் மனசு ஆறுவாள் என்று நினைத்தேன். கடைசி வார்த்தையைக் கேட்டதும் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டவள் அதற்குப் பிறகு விடவேயில்லை. புருஷன் கொல்லைப்புறம் போனாலும் பின்னாலேயே போய் நிற்கிறாள். அவர் கண்ணசந்தால் மூக்குக்கிட்ட கையை வைத்துப் பார்க்கிறாள்.

பச்சைப் புடவையை வீட்டுக்குள் கொண்டுவர யாரும் சம்மதிக்கவில்லை. பின்பக்க வேப்பமரத்துக் கிளையில் பையோடு தொங்கவிட்டிருந்தார்கள். எரித்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

"புதுத் துணியை எரிப்பாங்களாண்ணா? இன்னும் கெட்டது" என்றாள் பெரியவள்.

"யாருக்காவது குடுத்துடலாம்."

"யார் தாலியை அறுக்கறதுக்கு? வந்த எடத்துக்கே அது போவணும். நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. அது போற வரைக்கும் என் தொண்டையில ஒண்ணும் எறங்காது."

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் கடை திறக்கும்போதே நான் போய் நின்றேன். அதே பன்னீர்ப் பெண் கையைக் கூப்பினாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பில் கவுண்டரில் வேறு ஆள் யாரும் இல்லை. அதே பெண், அதே சூப்பர்வைசர். பச்சைப் புடவையையும் பில்லையும் மேஜையில் வைத்தேன்.

"இதை எடுத்துக்கினு என்னை விட்டுடுங்க. பணம் காசு ஒண்ணும் வேணாம்."

சூப்பர்வைசர் பில்லைப் பார்த்தான். "இது ஃப்ரீ ஐட்டம் சார். ஃப்ரீ ஐட்டத்தைத் தனியா ரிட்டர்ன் எடுக்க முடியாது. இதோட போன இன்னொரு புடவையையும் கொண்டாங்க, ரெண்டையும் சேத்து எடுத்துக்கறோம்."

"இன்னொண்ணா?"

"ஆமா சார். மடிப்புக் கலையாம இருக்கணும்."

முந்தின நாள் முழுக்க வராத கோபம் அப்போது வந்தது. கல்யாணப் பெண் யாரும் பின்னால் இல்லை, என்னைத் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை.

"யோவ், அது கோடிப் புடவைய்யா. என் தங்கச்சி புருஷன் செத்துட்டான், அவளுக்குப் போட்டது. அவ உடம்புல இருந்து உருவிக்கினு வரச் சொல்றியா? மடிப்புக் கலையாம உருவிக்கினு வரணுமா?"

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "சாரி சார், எனக்குத் தெரியாது சார்" என்று திக்கினான். பாவம், அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன்தான் என்று நினைக்கப் போனேன். அதற்குள் அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல ஆப்ஷன் வரலை சார். வேணும்னா இதுக்குப் பதிலா ஒரு பேன்ட் துணி எடுத்துக்குங்க" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேலிடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனான்.

அவன் போனதும் அந்தப் பெண் குனிந்தபடியே பேசினாள்.

"எனக்குத் தெரியும்ணா."

"இன்னா தெரியும்?"

"நேத்து நீங்க விரிக்காம எடுத்தாந்தப்பவே தெரியும். வேட்டி அழுக்கு, முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சேவா ரெண்டாவதை வச்ச?"

"நான் வைக்கலண்ணா, அவர்தான் வச்சாரு. நான் ஆஃபர் சொல்லலைன்னா, கடைசில மீண்டும் வாங்கன்னு சொல்லலைன்னா மேல இருக்கற கேமராவுல கேட்டுடும். சாயங்காலம் நிக்க வச்சிக் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கஸ்டமரே சொல்லிட்டாருன்னு நான் நிறுத்தியிருப்பேன்."

"பின்னாடி கல்யாணப் பொண்ணு நின்னுதும்மா."

"ஆமாண்ணா. அதுக்காகத்தான் நானும் சொல்லலை."

ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்காக இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, என் தங்கை வீட்டுக்குள் இந்தப் புடவையை அனுப்பியிருக்கிறோம். அவள்தான் முதலில் கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணா. நான் வச்சிக்கறேன். பில்லையும் குடுங்க, நான் வெளிய போகும்போது என் பையைச் சோதிப்பாங்க."

நான் புடவையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வேணாம்மா. வயசுப் பொண்ணு நீ. உன் வீட்டுக்காரரு நல்லா இருக்கணும். இதை நீ தொடவே வேணாம்."

"எனக்குக் கோடி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. இனிமே இது என்னை இன்னா பண்ணும்?"

அவள் நெற்றியைப் பார்த்தேன். பெரிய வட்டப் பொட்டு. தலையில் அன்றைக்குப் பூத்த மல்லிகை. அவளுக்கு நான் பார்ப்பது புரிந்தது.

"இதெல்லாம் கடைது. உள்ள வந்ததும் வச்சி விடுவாங்க. கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க எதிர்ல வெறும் நெத்தியா நிக்கக் கூடாதாம். ராத்திரி எடுத்து டப்பாவுல போட்டுட்டுப் போவேன்."

நேற்று மனசுக்குள் இந்தப் பெண்ணை என்னென்னவோ திட்டியிருந்தேன். கல் நெஞ்சக்காரி, சாவு வீட்டில் வியாபாரம் பண்ணுகிறவள் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். கடையின் பூவை வைத்துக்கொண்டு, கடையின் பொட்டை வைத்துக்கொண்டு, கோடி எடுக்க வந்தவனிடம் இன்னொன்றும் எடுத்துக்கொள் என்று ஒப்பித்தபோது அவளுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும். பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது இப்போதுதான் எனக்கு உறைத்தது. புடவையையும் பில்லையும் கொடுத்தேன். வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் படியிறங்கி வந்தான். மேலிடத்திலும் வழியில்லை என்று சொல்ல வந்தவன், மேஜை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஓகேவா சார்? வச்சிக்கிறீங்களா? தேங்க்ஸ் சார்" என்று கையைத் தேய்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "சாருக்கு க்ளோசிங் சொல்லும்மா."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. மீண்டும் வாங்கன்னு சொல்லு. கேமரா பாக்குது."

அவள் நிமிரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த காலிப் பைகளை எடுத்துத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். அவன் இன்னொரு தரம் சொன்னான். அவள் அடுக்கிக்கொண்டேயிருந்தாள். நானும் வரேன் என்று சொல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வல்லத்தில் பெரியவள் வாசலிலேயே நின்றிருந்தாள். என் இரண்டு கையையும் பார்த்தாள். வேப்பமரத்தையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கிக்கினாங்களா?"

"வாங்கிக்கினாங்க."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை என் மனைவி தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தாள். பெரியவள் ஒரு கையில் தாலியைப் பிடித்தபடியே ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். பிசைந்த கை அப்படியே நின்றது.

"அண்ணா, கௌம்பும்போது அந்தப் பொண்ணு மீண்டும் வாங்கன்னு சொல்லிச்சா?"

"சொல்லலம்மா" என்றேன். "சொல்லச் சொன்னாங்க. அது சொல்லல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாலியை விட்டுவிட்டு முதல் வாய்ச் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள்.